நாடே வன்முறையிலும் பசியிலும் கிடக்கும்போது கிறிஸ்தவ நம்பிக்கை என்பது வெறும் ஆறுதல் பேச்சா?

பேச்சோடு நின்றால் ஆறுதல்தான். வேதாகமத்தில் எரேமியா 32-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது, தீர்க்கதரிசி எரேமியாவோ காவலில். அந்த நேரத்தில் தன் சொந்த ஊரான ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகள் கையெழுத்திட, கிரயப் பத்திரங்கள் நெடுநாள் கெடாதபடி மண்பாண்டத்தில் வைக்கப்படுகின்றன. நகரம் தப்பிவிடும் என்று அவர் நினைக்கவில்லை. விழும் என்று சொன்னவரே அவர்தான். வாங்கி முடித்ததும், 'நகரம் போகப்போகிறதே, நிலம் எதற்கு?' என்கிற தொனியில் கடவுளிடமே முறையிடவும் செய்கிறார். 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற கணிப்புக்கும் நம்பிக்கைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான்.

பலர் தவறுவது புலம்பலைத் தாண்டிக் குதிப்பதில். வேதாகமத்தின் புலம்பல் பாடலான சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. அதை அப்படியே வாசியுங்கள், சமாதானம் சொல்லும் வசனத்தை உடனே ஒட்டாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் 'தேவ சித்தம்' என்பது, உண்மையைச் சொன்னால், கொடுமை.

ஜெபத்தில் 'நாட்டின் சமாதானம்' என்று பொதுவாகச் சொல்லாமல் ஊரையும் தேவையையும் பெயர்சொல்லிக் கேளுங்கள். செய்திக்கு ஒரு நேரம் ஒதுக்கிவிட்டு மூடிவையுங்கள்.

உதவியில், பழந்துணி மூட்டைகளை அனுப்பினால் அவற்றைப் பிரித்து அடுக்கவே நிவாரண முகாமில் ஆள் தேவைப்படும். அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் சபைக்கோ அமைப்புக்கோ மாதாமாதம் சிறு தொகை அனுப்பினால், செய்தி ஓய்ந்த பிறகும் அரிசியும் மருந்தும் போய்ச்சேரும்.