குடிக்கு மூன்று மாதம் உள்ளேயே தங்கி சிகிச்சை எடுக்க வேண்டுமா? பத்து நாள் போதாதா?

என் தம்பிக்கு இரண்டையும் பார்த்துவிட்டோம்.

முதல் தடவை மருத்துவமனையில் பத்து நாள். மூன்றாம் நாள் ராத்திரி போர்வையிலிருந்து இல்லாத எறும்பைப் பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். நாள்பட்ட குடியைச் சட்டென்று நிறுத்தினால் இப்படி ஜன்னி வரும், வலிப்பு வரும், உயிரே போகலாம் என்றார் டாக்டர். வீட்டில் பூட்டிவைத்து நிறுத்திவிடலாம் என்று மட்டும் தயவுசெய்து இறங்காதீர்கள்.

பத்தாம் நாள் கை நடுக்கம் நின்று நாலு இட்லி சாப்பிட்டான். தீர்ந்தது என்று அழைத்து வந்தோம். பத்தொன்பதாம் நாள் குடித்தான். பதினாறு வருஷமாகச் சாயங்காலம் ஆறு மணிக்கு வேறெதுவும் செய்து அவனுக்குப் பழக்கமில்லை. அதற்கு மாத்திரை ஏது?

அடுத்த தடவை மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் தங்கவைத்தது அதற்குத்தான். விடிகாலை எழுப்புவார்கள், கூட்டுவது, காய் நறுக்குவது எல்லாம் அங்கே தங்கியிருப்பவர்களே. தினமும் குழுவாக உட்கார்ந்து பேச வேண்டும். மகளின் பள்ளிக் கட்டணத்தை எடுத்துக் குடித்துவிட்டு, பஸ்ஸில் பிக்பாக்கெட் என்று வீட்டில் சொன்னதை அங்கேதான் முதல்முறை ஒத்துக்கொண்டான். கேட்டவர்கள் சிரித்துவிட்டார்களாம். அதே பிக்பாக்கெட் கதையை அங்கே ஏழு பேர் சொல்லியிருக்கிறார்கள்!

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் கவுன்சிலிங். "அவர் கடனை யார் அடைக்கிறீங்க?" என்று கேட்டார்கள். நான்தான். "இனிமே அடைக்காதீங்க" என்றார்கள். கோபமாக வந்தது. அந்த வாரம் முழுக்க யோசித்தேன்.

எல்லோருக்கும் மூன்று மாதம் வேண்டியதில்லை. ஆரம்ப நிலையில் மாத்திரை, தொடர் ஆலோசனையோடு வீட்டிலிருந்தே மீண்டவர்கள் உண்டு. ஹெராயின் மாதிரி பழக்கமென்றால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: பல வாரம் நிறுத்திய பிறகு உடம்பின் தாங்குசக்தி குறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவை எடுத்தால் அதுவே உயிரை வாங்கிவிடும்.

மையத்தை நேரில் போய்ப் பாருங்கள். டாக்டர் நிஜமாகவே வருகிறாரா, உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஓரிடத்தில் எங்களிடம், "வண்டி அனுப்பித் தூக்கிட்டு வந்துடறோம்மா" என்றார்கள். ஓடி வந்துவிட்டோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதைப் பிரச்சினைகளும் அடக்கம். முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை உறவினர் சேர்ப்பதானாலும் இரண்டு பேர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். அதுவும் முதலில் 30 நாள்தான். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446-க்கு அடியுங்கள், மத்திய அரசின் இலவச உதவி எண்.

திரும்பி வந்த ஐந்தாம் மாதம் ஒரு சாவு வீட்டில் மறுபடி குடித்தான். ஆனால் அன்றைக்கே அவனே போன் பண்ணி, "அக்கா, குடிச்சிட்டேன்" என்றான். மறுநாளே மையத்துக்குக் கூட்டிப்போனோம். அதற்கப்புறம் இரண்டரை வருஷம் ஓடிவிட்டது. ஆறு மணிக்கு மகளை டியூஷனிலிருந்து கூட்டிவருவது இப்போது அவன் வேலை. பத்து நிமிஷம் தாமதமானால் எனக்கு இன்னமும் வயிறு கலங்கும். அது அவனுக்கும் தெரியும், டிராஃபிக்கில் நின்றால் முதல் போன் எனக்குத்தான்.