தூண்டாத செல்லிலும் பாஸ்போ-எர்க் பட்டை தெரிகிறதே, ஆன்டிபாடி சரியில்லையா?

இரவு முழுக்க சீரம் இல்லாமல் வைத்த செல்கள். செல்லைத் தூண்டும் வளர்ச்சிக் காரணியான ஈஜிஎஃப் சேர்க்கவே இல்லை. ஆனாலும் புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் 42, 44 கிலோடால்டன் இரண்டு இடத்திலும் பட்டை பளிச்சென்று வருகிறது, வேறு ஆன்டிபாடி வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வாங்க வேண்டாம். எர்க் என்பது செல்லுக்குள் வளர்ச்சிச் செய்தியைக் கடத்தும் நொதி; அதில் பாஸ்பேட் ஏறிய, அதாவது தூண்டப்பட்ட வடிவம்தான் பாஸ்போ-எர்க். 44 எர்க்1, 42 எர்க்2. வேறு எங்கும் கறை இல்லாமல் இந்த இரண்டு மட்டும் வருகிறது என்றால், ஆன்டிபாடி சரியான புரதத்தைத்தான் பிடித்திருக்கிறது. பாஸ்பேட் ஏறியதை மட்டும் பிடிக்கிறதா, ஏறாததையும் பிடிக்கிறதா என்பதுதான் மிச்சமுள்ள சந்தேகம்.

அதைத் தீர்க்க, மெக் நொதியைத் தடுக்கும் யு0126 மருந்தை அரை மணி நேரம் முன்னதாகவே ஒரு தட்டில் கொடுத்துப் பாருங்கள். எர்க்1-இன் 202ஆவது திரியோனினிலும் 204ஆவது டைரோசினிலும் பாஸ்பேட் ஏற்றுவது மெக் தான். அது நின்றால் பாஸ்போ பட்டை மங்கி மறைய வேண்டும்; மொத்த எர்க் (பாஸ்பேட் ஏறியதும் ஏறாததும் சேர்ந்தது) பட்டை அப்படியே இருக்க வேண்டும். மருந்து வேலை செய்தும் பட்டை அசையவில்லை என்றால் மட்டும் ஆன்டிபாடியைச் சந்தேகப்படுங்கள். புரதத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியான லாம்டா பாஸ்படேஸ் வைத்தும் சோதிக்கலாம். ஆனால் அதற்கு ஒரு லைசேட்டை (செல்களை உடைத்தெடுத்த சாறு) பாஸ்படேஸ் தடுப்பான்களும் ஈடிடிஏவும் சேர்க்காமல் தனியாக எடுத்து வைக்க வேண்டும்; அவை இந்த நொதியையும் முடக்கிவிடும்.

நான் இதே பட்டையோடு இரண்டு மாதம் போராடினேன், ஆன்டிபாடியும் மாற்றிப் பார்த்தேன். யு0126 போட்ட அன்று பட்டை காணாமல் போனது. அப்படியானால் என் கன்ட்ரோல் செல்களில் எர்க் உண்மையாகவே தூண்டப்பட்டிருந்தது! காரணம் நான் மீடியம் மாற்றிய விதம். பழையதை உறிஞ்சிவிட்டு, ஈஜிஎஃப் கலந்த புது மீடியத்தை ஒரு தட்டுக்கும் வெறும் மீடியத்தை கன்ட்ரோலுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தேன். திரவம் உரசிப் போகும் விசையே பல வகைச் செல்களில் எர்க்கைச் சில நிமிடங்களில் எழுப்பிவிடும். அதன் பிறகு மீடியத்தைத் தொடுவதே இல்லை. அடர்த்தியான ஈஜிஎஃப் கரைசலில் சில மைக்ரோலிட்டரை ஓரமாக விட்டு, தட்டை மெல்லச் சாய்த்துக் கலக்குவேன். கன்ட்ரோலுக்கு அதே அளவு வெறும் பஃபர். ஐந்து நிமிடம் ஆனதும் நேராக ஐஸ் மேல்.

நீங்கள் எந்தச் செல் என்று சொல்லவில்லை. அதுவே விடையாக இருக்கலாம். எர்க்கைத் தூண்டும் பாதையிலுள்ள மரபணுக்களில், ஏ375 செல்லில் பிராஃபிலும், எச்சிடி116 செல்லில் கேராஸிலும் பிறழ்வு இருப்பதால், சீரத்தை எடுத்தாலும் எர்க் அடங்காது. ஹீலா போன்றவற்றில் ஈஜிஎஃப் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அப்புறம், மொத்த எர்க் இல்லாமல் பாஸ்போ பட்டையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். புரதம் ஒட்டிய ஒரே மெம்பரேனை ஸ்ட்ரிப் செய்து (முதல் ஆன்டிபாடியைக் கழற்றி) மறுபடி போட்டால் புரதமும் கொஞ்சம் கழுவிப் போகும். முயலில் செய்த பாஸ்போ ஆன்டிபாடியையும் எலியில் செய்த மொத்த எர்க் ஆன்டிபாடியையும் இரண்டு நிற ஃப்ளோரசன்ஸில் சேர்த்துப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. அந்த வசதி இல்லையென்றால், ஒரே லைசேட்டை இரண்டு ஜெல்லில் சம அளவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.