நிறத்தை வைத்து பரோலோவை எடை போடாதீர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: இத்தாலியில் ஒரு பாட்டில் பரோலோ சிவப்பு ஒயின் வாங்கினேன். விலை அதிகம், ஆனால் கிளாஸில் ஊற்றினால் நிறம் வெளிறிக் கிடக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. பரோலோ முழுக்க முழுக்க நெபியோலோ என்ற ஒரே திராட்சையில் செய்வது. அதற்கு நிறம் குறைவு, துவர்ப்பு அதிகம். கிளாஸைச் சாய்த்து வெள்ளைத்தாளுக்கு மேல் பிடித்துப் பாருங்கள். நடுவில் மாதுளைச் சிவப்பு, வயதானதென்றால் ஓரத்தில் செங்கல் நிறம். பிறகு முகர்ந்து பாருங்கள். உலர்ந்த ரோஜா, செர்ரி, கூடவே தார் வாசனை. இந்த மணத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள். மையைப் போலக் கறுத்த பரோலோவைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கேள்வி: முதல் வாயிலேயே நாக்கு இழுத்துக்கொண்டது. கெட்டுப்போயிருக்குமோ?

நாவல்பழம் நாக்கைப் பிடிப்பதுபோலத்தானே? அது நெபியோலோவின் இயல்பு. சட்டப்படியே பரோலோ 38 மாதம் முதிர்ந்த பிறகுதான் விற்பனைக்கு வரும். அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில். 'ரிசெர்வா' என்றால் 62 மாதம். அதற்குப் பிறகும் நல்ல ஆண்டின் பாட்டில் பத்து வருடம் கேட்கும். அவசரமென்றால் இரண்டு மூன்று மணி நேரம் முன்பே திறந்து வாயகன்ற குடுவையில் ஊற்றி வையுங்கள். வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். நிதானமாக வேகவைத்த மாட்டிறைச்சியோடு குடிக்கத்தான், பரோலோ விளையும் வடமேற்கு இத்தாலியின் பியெமோன்தே மக்கள் இதை எடுப்பார்கள். கொழுப்பு சேர்ந்தால் துவர்ப்பு அடங்கும்.

கேள்வி: லேபிளில் 'லா மோர்ரா', 'செர்ரலுங்கா' என்றெல்லாம் போட்டிருக்கிறதே, அதில் என்ன இருக்கிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது! ஆல்பா நகரை ஒட்டிய லாங்கே குன்றுகளில் மொத்தம் 11 ஊர்களில் மட்டுமே பரோலோ விளையலாம். மேற்கே லா மோர்ராவிலும் பரோலோ ஊரிலும் நீலச்சாயல் கொண்ட சுண்ணாம்புக் களிமண். ஒயின் மணமாக, மென்மையாக, சற்று சீக்கிரமே இணங்கும். கிழக்கே செர்ரலுங்காவிலும் மோன்ஃபோர்த்தேயிலும் மண் இன்னும் பழையது, மணற்பாறை கலந்தது. அந்த ஒயின் இறுக்கமானது, நீண்ட காலம் நிற்கும். இரண்டுக்கும் இடையே காஸ்திலியோனே ஃபல்லெத்தோ. முதன்முதலில் வாங்குபவருக்கு நான் லா மோர்ராவைத்தான் சொல்வேன்.

கேள்வி: 'பரோலோ போர்' என்றார்கள். யாருக்கும் யாருக்கும்?

1980-களில் இளைய தயாரிப்பாளர்கள் சிலர் சாற்றைத் திராட்சைத் தோலோடு ஊறவைக்கும் நாட்களைக் குறைத்து, 225 லிட்டர் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களுக்கு மாறினார்கள். அந்தச் சின்னப் பீப்பாய்க்கு 'பாரிக்' என்று பெயர். ஒயின் சீக்கிரம் இணங்கியது, உலகச் சந்தையும் திறந்தது. பெரிய, பழைய பீப்பாய்களையே பயன்படுத்திவந்த மரபுக்காரர்கள் கொதித்தார்கள். அவர்களில் ஒருவரான பார்த்தோலோ மஸ்கரெல்லோ தன் லேபிளிலேயே 'பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்' என்று, இத்தாலிய அரசியல்வாதி பெர்லுஸ்கோனியையும் சேர்த்து எழுதினார். இன்று பலரும் நடுவழிக்கு வந்துவிட்டார்கள். நான் பெரிய பீப்பாய் கட்சி: புதிய ஓக்கின் வனிலா வாசனை, ரோஜாவை அமுக்கிவிடுகிறது.

கேள்வி: 'அரசர்களின் ஒயின்' என்ற பட்டம் நியாயமா?

19-ஆம் நூற்றாண்டில் சவோய் அரச குடும்பத்தின் ஆதரவால் வந்த பெயர் அது. இன்றைய மதிப்பு திராட்சையாலும் மண்ணாலும் வந்தது.

கேள்வி: அவ்வளவு செலவு செய்ய முடியாது. வேறு வழி?

'லாங்கே நெபியோலோ' என்று போட்டதை வாங்குங்கள். நல்ல பரோலோ தயாரிப்பாளர் பெயர் இருந்தால் இன்னும் நல்லது. இளங்கொடிகளின் பழத்தைப் பலர் இதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள். வாங்கியவுடனே திறக்கலாம்.