டோப்பி சேலஞ்ச்ல நாலாவது நாள் மாரத்தானுக்கு கால்ல தெம்பு இருக்குமா?

இருக்கும், ஆனா அது முதல் மூணு நாள் நீங்க எப்படி ஓடுறீங்கங்கறதுல தான் இருக்கு. ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுல ஜனவரில நடக்குற இந்த நாலு நாள் ஓட்டத் தொடர்ல வியாழன் 5 கிமீ, வெள்ளி 10 கிமீ, சனி ஹாஃப், ஞாயிறு ஃபுல் மாரத்தான், மொத்தம் 78 கிமீ வருது. முதல் மூணையும் ரேஸா நினைக்காதீங்க ப்ளீஸ், நடுவுல நடந்துக்கிட்டே மெதுவா போங்க. ஒரு மைலுக்கு 16 நிமிஷம் டைம் குடுக்குறாங்க, அது தாராளம்.

உண்மையில ஆளைக் கவுக்குறது தூரம் இல்ல, தூக்கம் தான். விடியற்காலை 5 மணி வாக்குல ஸ்டார்ட், அதுக்கு 2, 3 மணிக்கே எந்திரிக்கணும், அதுவும் நாலு நாள் தொடர்ந்து, அதனால சாயங்காலம் பார்க்கெல்லாம் சுத்தாம சீக்கிரம் படுத்துடுங்க. சனிக்கிழமை ஹாஃப் முடிஞ்ச உடனே சோறோ பாஸ்தாவோ நல்லா சாப்பிடுங்க, தசையில கரைஞ்சுபோன கிளைகோஜன் (ஓடுறதுக்கு சக்தி தர்ற, தசை சேமிச்சு வைக்கிற மாவுச்சத்து) திரும்ப நிரம்ப நேரம் எடுக்கும், ராத்திரி சாப்பிட்டுக்கலாம்னு விட்டா ஞாயிறு 30 கிமீ தாண்டினதும் கால் கல்லாயிடும்.

ட்ரெயினிங்லயே சனி, ஞாயிறு அடுத்தடுத்து நீளமா ஓடிப் பழகுங்க, களைச்ச காலோட ஓடுறதுக்கு வேற வழியே கிடையாது.