ஜப்பானின் ஹிமேஜி கோட்டைக்கு அறுபதைத் தாண்டிய பெற்றோருடன் போகலாமா? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும், உள்ளே எதைக் கவனிக்க வேண்டும்?

தாராளமாகப் போகலாம். ஆனால் எல்லோரும் எல்லா இடமும் ஏறியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கோட்டைக்கு முன்னால் இருக்கும் சன்னோமாரு மைதானத்துக்குக் கட்டணமே கிடையாது, தரையும் சமதளம். கோட்டைக்குள் நுழையும் ஹிஷி வாசலைத் தாண்டினால் சரிவுகளும் கல்படிகளும் தொடங்கும். நிதானமாக நடந்தால் சமாளித்துவிடலாம். உண்மையான சோதனை தலைமைக் கோபுரத்தின் உள்படிகளில்தான். ஏணியைச் சற்றே சாய்த்து வைத்தது போன்ற மரப்படிகள், லிஃப்ட் கிடையாது. முட்டிவலி இருப்பவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள் என்பதால், பாதியில் நின்று திரும்பி வருவதும் எளிதல்ல. ஏறுவதா வேண்டாமா என்பதைக் கீழேயே முடிவு செய்துவிடுங்கள்.

ஒசாகாவிலிருந்து ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ஷின்கைசோக்கு என்னும் விரைவு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். இதற்குத் தனி விரைவுக் கட்டணம் கிடையாது. ஷின்-ஒசாகாவிலிருந்து ஷின்கான்சென் (புல்லட் ரயில்) என்றால் அரை மணி. ஸ்டேஷனின் வடக்கு வாசலில் இறங்கினாலே நேர் எதிரே, சாலையின் மறுகோடியில் கோட்டை தெரியும். நடந்து போக 15-20 நிமிடம். பெரிய பெட்டிகளை ஸ்டேஷன் லாக்கரிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஹிரோஷிமா போகிற வழியில் இறங்குகிறவர்கள் எல்லோரும் இதையேதான் செய்வார்கள், அதனால் பெரிய லாக்கர்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கோட்டை காலை 9 மணிக்குத் திறக்கும், மாலை 5 வரை. ஆனால் 4 மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். கோடையில் கொஞ்சம் நீட்டிப்பார்கள். டிசம்பர் 29, 30 விடுமுறை. டிக்கெட் விஷயத்தில் பழைய பயணக் குறிப்புகளை நம்ப வேண்டாம். அவற்றில் 1,000 யென் என்றுதான் இருக்கும். 2026 மார்ச் முதல் ஹிமேஜி நகரவாசிகள் அல்லாத பெரியவர்களுக்கு 2,500 யென், 18 வயதுக்குக் கீழே இலவசம்.

திறக்கும் நேரத்துக்கே போய், முதலில் தலைமைக் கோபுரத்தை முடித்துவிடுங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரி பூக்கும் சமயத்தில் பத்து மணிக்கு மேல் படிகளில் வரிசை நகரவே நகராது. அந்தச் சமயங்களில் எண் சீட்டு கொடுத்து ஆட்களை அளந்துதான் விடுவார்கள்.

கோபுரத்துக்குள் செருப்பு, ஷூ அனுமதி இல்லை. கொடுக்கும் பையில் போட்டுக் கையோடு தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஆக, ஒரு கையில் பை, மறு கையில் கைப்பிடி. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். பளபளவென்று தேய்ந்த மரத்தில் நைலான் சாக்ஸ் வழுக்கும், பருத்தி பரவாயில்லை. குளிர்காலத்தில் தரை ஐஸ் மாதிரி சில்லிடும், தடித்த சாக்ஸ் வேண்டும். புடவையை அன்று தவிர்ப்பது நல்லது. கோபுரத்துக்குள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை இல்லை. அடித்தளத்தில் முற்றுகைக் காலத்துக்கென்று கட்டியவை உண்டு, வேடிக்கை பார்க்க மட்டும்! கீழேயே முடித்துவிட்டு ஏறுங்கள்.

"உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் மரக்கூடம்" என்று பலர் அலுத்துக்கொள்வதுண்டு. அரண்மனை அலங்காரத்தை எதிர்பார்த்துப் போனால் அப்படித்தான் தோன்றும். இது குடியிருக்கக் கட்டிய வீடு அல்ல, சண்டைக்கான கடைசிப் புகலிடம். கோட்டையை ஆண்ட பிரபு இகெடா தெருமாசா 1601-இல் தொடங்கி 1609-இல் முடித்த அதே மரக்கட்டடம். ஜப்பானின் பல கோட்டைகளைப் போல கான்கிரீட்டில் மறுபடி எழுப்பிய நகல் அல்ல. வெளியிலிருந்து எண்ணினால் ஐந்து அடுக்கு, உள்ளே ஆறு தளமும் ஒரு அடித்தளமும். சுவர்களில் துப்பாக்கியும் ஈட்டியும் மாட்டிய கொக்கிகளைப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் அந்த இரண்டு பெரிய தூண்கள். அடித்தளத்திலிருந்து மேலே போகும் இவை ஒவ்வொன்றும் சுமார் 24 மீட்டர் உயரம். 1956 முதல் 1964 வரை கோபுரத்தை முழுக்கப் பிரித்து மறுபடி கோர்த்தார்கள். பாரம் தாங்காமல் அடிமண் அமுங்கிக் கட்டடம் தென்கிழக்காகச் சாய்ந்திருந்ததால், அப்போதுதான் அடியில் கான்கிரீட் அஸ்திவாரம் போட்டார்கள். கிழக்குத் தூணில் உளுத்த அடிப்பகுதியை மட்டும் வெட்டி வேறு மரம் ஒட்டினார்கள். மேற்குத் தூணையோ முழுதாக மாற்ற வேண்டியிருந்தது. அதற்கென்று கிசோ காட்டிலிருந்து கொண்டுவந்த ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மரம் வழியிலேயே முறிந்துவிட, வேறொரு மரத்தை அதன் மேல் இணைத்தார்கள். மூன்றாம் தளத்தில் அந்த இணைப்பைத் தேடிப் பாருங்கள். அவ்வளவு படி ஏறிய களைப்புக்கு அது ஒன்றே போதும் என்பேன்.

2009 முதல் 2015 வரை நடந்த அடுத்த பெரிய பழுதுபார்ப்பு கூரைக்கும் சுவர்களுக்கும். சுண்ணாம்பு, சணல் நார், கடற்பாசிப் பசை சேர்த்த ஷிக்குயி என்னும் காரையைச் சுவரில் மட்டுமல்ல, ஓடுகளின் இணைப்புகளிலும் பூசியிருக்கிறார்கள். கூரையே வெளுத்துத் தெரிவது அதனால்தான். திறந்த புதிதில் "வெள்ளை ரொம்ப அதிகம்" என்று உள்ளூர்க்காரர்களே கிண்டலடித்தார்கள். பூஞ்சை படியப் படிய மறுபடி சாம்பல் நிறமாகும், அது இந்தக் காரையின் இயல்பு.

பெற்றோர் கோபுரம் ஏறாவிட்டாலும் இந்தக் கோட்டையின் மூளை வெளியே வழியில்தான் இருக்கிறது. வாசல்களுக்கு இ, ரோ, ஹ, நி என்று ஜப்பானிய எழுத்து வரிசையில் பெயர். 'ஹ' வாசலைத் தாண்டியதும் பாதை சட்டெனத் திரும்பி, கோபுரம் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஹோ வாசலுக்கு அப்பால் பாதை கீழ்நோக்கி இறங்கும். வழி தப்பிவிட்டோமோ என்று எதிரி தடுமாற வேண்டும், அந்தத் தடுமாற்றத்தில் மேலிருந்து சுட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வெள்ளை மதிலில் தெரியும் துளைகளில் நீள்சதுரம் அம்புக்கு. வட்டமும் முக்கோணமும் துப்பாக்கிக்கு. குழந்தைகள் கூட வந்தால் எண்ணச் சொல்லுங்கள், சோர்வே தெரியாது.

கோபுரத்திலிருந்து இறங்கியதும் ஒகிகு கிணறு வழியாக ஹிஷி வாசலுக்கே திரும்பி வருவீர்கள். அங்கிருந்து மேற்குப் பகுதிக்குப் போங்கள். ஜப்பானை ஆண்ட ஷோகன் (படைத்தலைவர்) தொகுகவா இயெயாசுவின் பேத்தி சென்ஹிமே இருந்த இடம். நீண்ட நடைகூடம், வரிசையாகப் பணிப்பெண்களின் சிறு அறைகள். கூட்டமும் கோபுரத்தை விடக் குறைவு. இங்கும் செருப்பைக் கழற்ற வேண்டும்.

கோட்டைக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே கொகோ-யென் தோட்டம், இன்னொரு மணி. பார்த்தால் பழசு மாதிரி இருந்தாலும் சாமுராய் வீடுகள் இருந்த மனைகளில் 1992-இல் திறந்ததுதான். ஒன்பது தனித்தனித் தோட்டங்கள், கோய் மீன் குளம், உட்கார இடம். நடக்க எளிது. நீங்கள் கோபுரம் ஏறும் நேரத்தில் பெற்றோரை இங்கே விட்டுவிடலாம். கோட்டையோடு சேர்த்துக் கூட்டு டிக்கெட்டும் உண்டு, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.