வாசகர் கேள்விகள்: சீன வாத்தியங்களும் பெண்களும்

கேள்வி: சீன இசைக் காணொளிகளில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பழங்காலத்திலும் இப்படித்தானா?
– வாசகி, திருச்சி

பதில்: வாசித்தார்கள், மரியாதைதான் இல்லை. 918-இல் இறந்த வாங் ஜியன் என்ற அரசரின் கல்லறை செங்டு நகரில் இருக்கிறது. சவப்பெட்டி வைத்த மேடையைச் சுற்றி 24 பெண்களைச் செதுக்கியிருக்கிறார்கள். இருவர் ஆடுகிறார்கள், மற்ற 22 பேரும் வாத்தியக்காரிகள். அங்கே பிபா என்ற நான்கு தந்தி வாத்தியம் படுக்கைவாட்டில் இருக்கிறது, மீட்டுவது ஒரு கட்டையால். இன்றைய பிபா தொடைமேல் நிமிர்ந்து நிற்கிறது, ஐந்து விரலும் வேலை செய்கின்றன.

அரண்மனையிலும் கேளிக்கை விடுதிகளிலும் வாசித்தவர்கள் பணிப்பெண்கள், கணிகையர். இசைத்தொழிலுக்கென்றே தாழ்ந்த குடியாகப் பதிந்துவைத்த 'யுவேஹு' குடும்பங்களும் உண்டு. யோங்ஜெங் பேரரசர் அந்தப் பதிவை ஒழித்தது 1723-இல். 'நல்ல குடும்பத்துப்' பெண் வீட்டுக்குள் குச்சின் என்ற ஏழு தந்தி வாத்தியம் மீட்டலாம், காசுக்கு வாசித்தால் பெயர் கெடும். நம் வாசகர்களுக்கு இது புதிய கதையல்ல.

கேள்வி: நிலைமை மாறியது எப்போது?
– வாசகர், மதுரை

பதில்: இசைக் கல்லூரிகளின் கதவு திறந்த பிறகு. எர்ஹு என்ற வில் வாத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே தந்தி, வில்லின் முடி அவற்றுக்கு நடுவே ஓடும். தெருவில் வாசித்த ஆபிங், அதைக் கல்லூரிப் பாடமாக்கிய லியு தியன்ஹுவா இருவருமே ஆண்கள். 1963-இல் ஷாங்காயில் நடந்த தேசிய எர்ஹு போட்டியில் மின் ஹுய்ஃபென் என்ற பதின்வயதுப் பெண் முதல் பரிசைத் தட்டிச்சென்றார். 1982-இல் லியு வென்ஜின் பெருஞ்சுவரை வைத்து எர்ஹுவுக்கும் வாத்தியக் குழுவுக்கும் எழுதிய பெரும்படைப்பை முதலில் மேடையேற்றியவரும் அவரே.

கிடையாக வைத்து மீட்டும் பலதந்தி வாத்தியமான குஜெங்கின் கதை இன்னும் சுவையானது. வாங் சாங்யுவான் 1965-இல், மாணவியாக இருந்தபோதே, ஷாங்காய் துறைமுகத் தொழிலாளர் புயலோடு மல்லுக்கட்டுவதை இசையாக்கினார். தந்திகளைத் தாங்கும் குதிரைகளுக்கு இடப்புறம் சுருதி சேராத தந்திப் பகுதி இருக்குமே, அதை இடக்கையால் வாரி வழித்துக் காற்றின் ஓலத்தை எழுப்பினார். வலக்கையில் கட்டைவிரல் ஓயாமல் அதிர, நடுவிரல் கீழ்த்தந்திகளை வாரி அடிக்கும். 'சாவ்யாவ்' என்ற இந்த உத்தி இல்லாமல் இன்று மேடைக் குஜெங் ஏது? மென்மையான வாத்தியம், பெண்ணுக்குப் பொருத்தம் என்று சொல்பவர்கள் அதை ஒருமுறை கேட்கட்டும்.

கேள்வி: பள்ளி சீன வாத்தியக் குழுவில் மகள் குஜெங்கிலிருந்து பிபாவுக்கு மாறினாள். தந்தி மீட்ட விரலில் நாடாவால் ஒட்டும் செயற்கை நகம் (ஒட்டுநகம்) கழன்றுகொண்டே இருக்கிறது. ஏன்?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: பழைய பழக்கத்தில் தப்பான பக்கம் ஒட்டுகிறாள் என்று நினைக்கிறோம். குஜெங்கில் விரல் பெரும்பாலும் உள்நோக்கி இழுக்கும், அதனால் நான்கு விரல்களில் (சுண்டுவிரல் நீங்கலாக) சதைப் பக்கம் ஒட்டுவார்கள். பிபாவில் விரல் வெளிநோக்கிச் சுண்டும். ஐந்து விரலிலும் சொந்த நகத்தின் மேல் ஒட்ட வேண்டும். உள்பக்கம் ஒட்டினால் ஒவ்வொரு சுண்டலும் நகத்தை விரலிலிருந்து பெயர்க்கும்.

கையைச் சோப்பில் கழுவி, நன்றாக உலர்த்தச் சொல்லுங்கள். நகம் விரல்நுனியைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் நீண்டால் போதும், நீளம் கூடினால் தந்தியில் சிக்கும். நாடாவை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றலாம், ஆனால் முதல் கணுவை மூடக்கூடாது. மூடினால் விரல் மடங்காது, ஐந்து விரலையும் சுழற்றும் 'லுன்' தடுமாறும். சொந்த நகம் போதாதா என்றால், பட்டு நரம்புக் காலத்தில் போதும். 1950-களுக்குப் பிறகு வந்த எஃகுத் தந்தி அதைத் தேய்த்துவிடும்.

கேள்வி: பெண்கள் அதிகம் தொடாத வாத்தியம் எது?
– வாசகர், கோவை

பதில்: சுவோனா. நாகஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதுவது. திருமணம், இழவு என்று ஊர்ஊராகப் போகும் தொழில் என்பதால் தகப்பனிடமிருந்து மகனுக்கே போனது. ஷாண்டோங்கின் லியு வென்வென் அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து, சுவோனாவிலேயே முனைவர் பட்டம் வரை போனவர். மூச்சுப் பலம் போதாது என்ற சாக்கு செல்லாது. ஒலி அறாமல் ஊத வேண்டியது கன்னத்தில் காற்றைத் தேக்கும் பழக்கம். ஒரு குவளைத் தண்ணீரில் உறிஞ்சுகுழலை விட்டு ஊதுங்கள். கன்னக்காற்றைத் தள்ளும் நேரத்திலேயே மூக்கால் மூச்சிழுக்க வேண்டும். குமிழி நின்றால், மூக்கு இழுக்கும் முன்பே கன்னம் காலியாகிவிட்டது என்று அர்த்தம்.