நஷ்டத்தில் ஓடும் சிறு விமான நிலையம், தன் நிலத்தைக் கடைகளுக்கு விற்றுத் தப்பிக்க முடியுமா?

கேள்வி அமெரிக்காவில் நகராட்சி நடத்தும் சிறு விமான நிலையம் ஒன்றைப் பற்றியது. ஆண்டுதோறும் வரவுக்கு மேல் செலவு ஆகிறது. நெடுஞ்சாலையை ஒட்டிச் சும்மா கிடக்கும் நிலத்தைப் பெரிய சில்லறைக் கடை நிறுவனங்கள் நல்ல விலைக்குக் கேட்கின்றன. விற்றுவிட்டால் நிலையம் பிழைத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்க வேண்டாம் என்பதே என் பதில். கடை வருவதை நான் எதிர்க்கவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விடுங்கள், அதையும் ஓடுபாதையின் முனைகளுக்கு எதிரே இல்லாத நிலத்தில் மட்டும் செய்யுங்கள் என்கிறேன். இத்தகைய ஒரு நிலையத்தின் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே ஒரு துண்டு நிலம் விற்கப்பட்டபோது அதற்கான தாள்களைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வருமானத்தைப் பார்ப்போம். இத்தகைய சிறு விமான நிலையத்தில் பயணிகள் விமானச் சேவை கிடையாது. ஆகவே பெரிய நிலையங்களைத் தாங்குகிற வாகன நிறுத்தக் கட்டணமோ உள்ளே இருக்கும் கடைகளின் வாடகையோ அதற்கு இல்லை. ஹேங்கர் (விமானங்களை நிறுத்தி வைக்கும் கொட்டகை) வாடகை, திறந்த வெளியில் விமானங்களைக் கட்டி நிறுத்துவதற்கான வாடகை, விற்கும் ஒவ்வொரு கேலன் எரிபொருளுக்கும் வரும் சிறு தொகை ஆகியவைதான் அதன் வரவு. சொந்த விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணத்தைப் பல இடங்களில் வாங்குவதே இல்லை. ஓடுபாதையைப் புதுப்பிப்பது போன்ற பெரிய வேலைகளுக்குக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம், அதாவது எஃப்.ஏ.ஏ., வழக்கமாகச் செலவில் 90 சதவீதம் வரை மானியம் தருகிறது. ஆனால் புல் வெட்டுகிறவரின் சம்பளத்துக்கும் மின் கட்டணத்துக்கும் காப்பீட்டுத் தவணைக்கும் அந்த மானியம் உதவாது. பல லட்சம் டாலர் செலவில் புதிய தார் போட்ட ஓடுபாதை இருக்கும், அதன் ஓரத்து விளக்குகளுக்கான மின் கட்டணத்தைக் கட்ட நகராட்சியிடம் கையேந்த வேண்டியிருக்கும். நகர மன்ற உறுப்பினர்களின் கண் நிலத்தின் மேல் விழுவது இந்த நிலையில்தான்.

அவர்கள் கண்ணுக்குச் சும்மா கிடப்பதாகத் தெரியும் நிலத்தில் பெரும்பகுதி சும்மா கிடக்கவில்லை. ஓடுபாதையின் ஒவ்வொரு முனைக்கும் அப்பால், பொதுவாக 200 அடியிலிருந்து, விரிந்துகொண்டே போகும் ஒரு பாதுகாப்புப் பகுதி தொடங்குகிறது. அங்கே மக்கள் கூடும் கட்டடம் எதுவும் இருக்கக் கூடாது என்பதே எஃப்.ஏ.ஏ.வின் நிலைப்பாடு. அதற்கு மேல், இறங்கும் விமானங்களுக்காக, கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவும் இருக்கிறது; அதன் கீழே உள்ள எதுவும் அதைத் தாண்டி உயரக் கூடாது. கருவிகளின் துணையில்லாமல் பார்வையை நம்பி இறங்கும் சிறு ஓடுபாதைக்கு, வெளியே 20 அடி போனால் 1 அடி உயரலாம் என்பது அந்தச் சரிவின் கணக்கு. கருவிகளின் உதவியுடன் இறங்கும் ஓடுபாதைகளில் அது 34 அடிக்கு 1 அடியாகவோ 50 அடிக்கு 1 அடியாகவோ இன்னும் படுத்துவிடும். கடையின் கூரை இதற்குள் அடங்கிவிடும். கூரை மேல் வைக்கும் குளிர்சாதன இயந்திரமும், வாகன நிறுத்தத்தின் விளக்குக் கம்பமும், நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நிறுத்தும் பெயர்ப்பலகைக் கம்பமும், கட்டுமானத்தின்போது சில மாதங்கள் நிற்கும் கிரேனும் எளிதில் அடங்குவதில்லை.

எங்களுக்கு நேர்ந்ததும் ஒரு பெயர்ப்பலகைக் கம்பத்தால்தான். விற்கப்பட்டது நகராட்சி பிற்காலத்தில் தன் சொந்தப் பணத்தில் வாங்கிய துண்டு. நிலையத்தின் அதிகாரபூர்வ வரைபடத்தில் அதைச் சேர்க்காமலே விட்டிருந்ததால், கூட்டாட்சியின் ஒப்புதல் இல்லாமல் விற்க முடிந்தது. உயரக் கட்டுப்பாடு பேசப்பட்டது, ஒப்புக்கொள்ளவும் பட்டது. ஆனால் பதிவு செய்த கிரயப் பத்திரத்தில் அது ஏறவில்லை. பத்திரத்தோடு குண்டூசி குத்தி வைத்த ஒரு தனிக் கடிதத்தில்தான் இருந்தது. அந்தக் கடிதத்தின் நகலை என் கையாலேயே கோப்பில் வைத்தேன். முதலில் வாங்கிய நிறுவனம் அந்தக் கடிதத்தை மதித்தது. சில ஆண்டுகளில் அது கடையை மூடிவிட்டு இடத்தை வேறொருவருக்கு விற்றது. புதிய உரிமையாளருக்கு அப்படி ஒரு கடிதம் இருப்பதே தெரியாது. அவர் பழைய கம்பத்தைப் பிடுங்கிவிட்டு அதைவிட உயரமான ஒன்றை நட்டார்.

அளந்து பார்த்ததில், அது இறங்கும் சரிவுக்குள் சில அடிகள் நுழைந்திருந்தது. கம்பத்தை அகற்றும் வழக்கு இழுத்துக்கொண்டே போக, அதுவரை பாதுகாப்புக்காக, விமானங்கள் தரை தொட வேண்டிய கோட்டை ஓடுபாதையின் உள்பக்கம் நகர்த்த வேண்டியதாயிற்று. ஒரு காலை நேரத்தில் இரண்டு பேர் குனிந்து பழைய வெள்ளைக் கோடுகளைச் சுரண்டி எடுத்து, உள்ளே தள்ளிப் புதிய கோடு வரைந்ததை அலுவலக ஜன்னலில் இருந்து பார்த்தேன். இறங்குவதற்குக் கிடைத்த நீளம் குறைந்தது. வாரத்துக்கு ஓரிரு முறை வந்து, ஒரே தடவையில் பத்துச் சிறு விமானங்களுக்கு ஆகும் எரிபொருளை நிரப்பிக்கொண்டு போன தொழில் நிறுவன ஜெட்கள், காப்பீட்டாளர் ஒப்பவில்லை என்று சொல்லிப் பக்கத்து நிலையத்துக்குப் போய்விட்டன. நிலம் விற்ற பணம் அதற்கு முன்பே பற்றாக்குறையை அடைப்பதில் கரைந்திருந்தது. இப்போது எரிபொருள் வரவும் குறைந்தது. விதைநெல்லைக் குத்தித் தின்றவர் நிலைமைதான் எங்களுடையது.

விற்ற பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் பற்றாக்குறை உள்ள நிலையம் 20 லட்சம் டாலருக்கு நிலத்தை விற்பதாக உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். பத்தாம் ஆண்டின் முடிவில் பணம் இருக்காது, நிலமும் இருக்காது, 2 லட்சம் பற்றாக்குறை மட்டும் அப்படியே இருக்கும். மேலும், கூட்டாட்சி மானியம் வாங்கிய நிலையமாக இருந்தால், மானியத்தோடு கையெழுத்திட்ட உறுதிமொழிகள் குறுக்கே நிற்கும். நிலையத்தின் நிலத்தை எஃப்.ஏ.ஏ.வின் ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் சந்தை மதிப்பு கிடைத்தாக வேண்டும். கிடைத்த பணத்தை நிலையத்துக்கே செலவழிக்க வேண்டும், நகராட்சியின் பொது நிதிக்குத் திருப்பக் கூடாது. மானியத்தில் வாங்கிய நிலத்துக்கு இந்தக் கடமை காலவரம்பில்லாமல் தொடரும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவத்தின் உபரி என்று கூட்டாட்சி அரசு ஊர்களுக்குக் கொடுத்த நிலையங்களுக்கும் அப்படித்தான். சில நிலங்கள் மேல் எஃப்.ஏ.ஏ.வுக்கு உள்ள அதிகாரத்தை 2018ஆம் ஆண்டின் சட்டம் சுருக்கியது உண்மை. ஆனால் சந்தை மதிப்பும் வருவாயைப் பயன்படுத்தும் விதியும் போய்விடவில்லை. மன்றத்தில் நிலத்தை விற்று வேறு நகராட்சி வேலைகளுக்குப் பணம் திரட்டலாம் என்று யாராவது பேசினால், அந்த இடத்திலேயே இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நிலையத்தை மூடிவிட்டு நிலம் முழுவதையும் கடைகளுக்கு விட விரும்பிய ஊரும் உண்டு. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் கிளேர் நகரம் அந்த நோக்கத்துடன் முயன்றபோது, மானியக் கடமைகளிலிருந்து அதை விடுவிக்க அமெரிக்க நாடாளுமன்றமே 2014இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. நிலையத்தைக் காப்பாற்ற நினைக்கிறவருக்கு அது வழி ஆகாது. ஆயினும் இந்தக் கயிறு எவ்வளவு இறுக்கமானது என்பதை அது காட்டுகிறது.

நிலத்தை விற்றும் நிலையத்தைக் காப்பாற்ற முடியாமல் போன கதைக்கு இங்கிலாந்தின் பிளிமத் நகரத்தைச் சொல்லலாம். அங்கே இரண்டு ஓடுபாதைகளில் ஒன்றை மூடி அந்த நிலத்தை வீடு கட்ட விட்டார்கள். அப்படியும் நிலையம் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. அங்கே வந்தவை வீடுகள், உங்கள் கேள்வியில் வருபவை கடைகள். ஆனாலும் நிலத்தின் விலை நிலையத்தின் வருவாய்க்கு மாற்று ஆகாது என்ற வகையில் இரண்டும் ஒன்றே.

கடைகளும் சிறு விமான நிலையமும் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டும். அங்கே 1996ஆம் ஆண்டின் விமான நிலையச் சட்டத்தின்படி, கூட்டாட்சிக்குச் சொந்தமான நிலையங்கள் தனியாருக்கு 50 ஆண்டுக் குத்தகையாகவும், மேலும் 49 ஆண்டு நீட்டிக்கும் உரிமையோடும் விடப்பட்டன. நிலத்தின் உரிமை அரசிடமே இருக்கிறது. மெல்போர்னில் மூராபின், எசண்டன் ஆகிய சிறு நிலையங்களின் நிலத்தில் பெரிய கடைத் தொகுதிகள் உள்ளன. வாடகை ஆண்டுதோறும் வருகிறது, விமானங்களும் பறக்கின்றன.

ஆனால் எசண்டனில் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரி 21 காலையில், அங்கிருந்து கிளம்பிய பீச்கிராஃப்ட் கிங் ஏர் விமானம் ஒன்று சில நொடிகளிலேயே திசை தவறி, நிலையத்தின் நிலத்திலேயே இருந்த கடைத் தொகுதியின் மேல் விழுந்தது. விமானியும் நான்கு பயணிகளும் இறந்தார்கள். கடைகள் இன்னும் திறக்காத நேரம் அது. வாலில் விமானத்தை இடம் வலமாகத் திருப்பும் தகட்டின் நிலையைச் சரிசெய்யும் அமைப்பு முற்றிலும் இடப்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்ததை ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் கண்டறிந்தது. கட்டடம் இருந்ததால் விளைவு மோசமாகிவிடவில்லை, அது இல்லாதிருந்தால் விமானம் வாகனங்கள் நிறைந்த நெடுஞ்சாலையில் விழுந்திருக்கக்கூடும் என்றும் சொன்னது. அதே சமயம், அந்தக் கடைத் தொகுதிக்கு ஒப்புதல் கொடுக்கப்பட்ட முறையைத் தனியாகவும் விசாரித்தது. ஆகவே கடைதான் விபத்துக்குக் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதே விமானம் பிற்பகலில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் எனக்கு இன்றுவரை போகவில்லை. 1985 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸ் கூட்டம் நிறைந்திருந்த வேளையில், கலிஃபோர்னியாவின் கான்கார்ட் நகரில் பக்கனன் ஃபீல்டு நிலையத்துக்கு அருகே இருக்கும் சன்வேலி வணிக வளாகத்தின் மேல் ஒரு சிறு விமானம் விழுந்து, உள்ளே கடைக்கு வந்திருந்தவர்களும் உயிரிழந்தார்கள். ஓடுபாதையின் நேர்கோட்டில் கடை வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பக்கவாட்டில், சாலையை ஒட்டி இருக்கும் நிலம் வேறு விஷயம்.

குத்தகையை நான் விரும்புவதற்குப் பணம் மட்டும் காரணமன்று. பலகையின் உயரம், விளக்குகள் மேல்நோக்கி ஒளி வீசாதபடி மூடி போடுவது, மழைநீர்க் குட்டை வெட்டக் கூடாது என்பது, குப்பைத் தொட்டி எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்பது ஆகிய எல்லாவற்றையும் நில உரிமையாளராக இருந்தால் ஒப்பந்த நிபந்தனையாக வைத்து, மீறினால் குத்தகையையே ரத்து செய்ய முடியும். குட்டையும் குப்பையும் அற்ப விஷயமல்ல. பறவைகள் அங்கேதான் கூடும். பறவைகளை ஈர்க்கும் இடங்கள், ஜெட் எரிபொருள் விற்கும் நிலையத்தின் ஓடுதளங்களிலிருந்து 10,000 அடியும், பிஸ்டன் என்ஜின் கொண்ட சிறு விமானங்களுக்கு மட்டுமான நிலையத்திலிருந்து 5,000 அடியும் தள்ளியிருக்க வேண்டும் என்பது எஃப்.ஏ.ஏ.வின் வழிகாட்டுதல். கடை திவாலானால் நிலம் உங்களிடமே திரும்பும். இருபது ஆண்டு கழித்து விமானங்கள் ஓடுபாதைக்குப் போக ஒரு இணைப்புப் பாதையோ ஹேங்கர் வரிசையோ தேவைப்பட்டாலும் அந்த நிலம் உங்களிடம் இருக்கும். வாடகையை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மறுமதிப்பீடு செய்யும் விதியை எழுத மறக்காதீர்கள். நாற்பது ஆண்டுக்கு ஒரே வாடகை என்று எழுதிவிட்டால் அது கிட்டத்தட்ட விற்றதற்குச் சமம்.

விற்பது சரியாக இருக்கும் இடமும் உண்டு. சாலைக்கு அந்தப் பக்கம் துண்டாகக் கிடக்கும் நிலம், எந்த விரிவாக்கத் திட்டத்திலும் வராத நிலம் என்றால் விற்கலாம். அப்போது அதன் மேல் விமானம் பறக்கும் உரிமையும், உயர வரம்பும், சத்தம் பற்றி வழக்குத் தொடுக்க மாட்டோம் என்ற உறுதியும் கிரயப் பத்திரத்திலேயே எழுதிப் பதிவாக வேண்டும். அடுத்தடுத்து யார் வாங்கினாலும் அவரைக் கட்டுப்படுத்த வேண்டும். தனிக் கடிதம் வேண்டவே வேண்டாம். வரும் பணத்தை நடப்புச் செலவில் விடாமல், வாடகைக்கு விடக்கூடிய ஹேங்கர் கட்டுவது போன்ற, திரும்ப வருமானம் தரும் வேலையில் போட வேண்டும்.

அடுத்த மன்றக் கூட்டத்துக்குப் போகும் முன் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒன்று, நிலையத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம்; கடைக்காரர்கள் கேட்கும் நிலம் அதன் எல்லைக்குள் வருகிறதா, சரிவின் கீழ் வருகிறதா என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, ஹேங்கர் வாடகைப் பதிவேடு. எங்கள் நிலையத்தில் நிலம் விற்ற ஆண்டில் ஹேங்கர் வாடகை பதினான்கு ஆண்டுகளாக உயர்த்தப்படாமல் இருந்தது. அதே பதிவேட்டின் பின்பக்கத்தில், ஹேங்கருக்காகக் காத்திருப்போரின் பெயர்கள் இரண்டு பக்கம் நிரம்பி, மூன்றாவது பக்கத்திலும் எழுதத் தொடங்கியிருந்தோம்.